ஆறாம் வகுப்புக்கு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி: பெற்றோர் கேள்விகளும் என் பதில்களும்

ஐந்தாவது முடிக்கும் பிள்ளைகளை அடுத்து எங்கே சேர்ப்பது என்று பெற்றோர் கேட்ட கேள்விகள் இவை. நான் ஒரு பெரிய நடுநிலைப்பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியை.

டீச்சர், பையன் தனியாரில் ஐந்தாவது படிக்கிறான். ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் போதாதா?

போதாது. மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. பொதுவான நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான். நிதியுதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் சேராது. பலர் கடைசி நேரத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டு தவிக்கிறார்கள்.

அறிவியல் சோதனை எல்லாம் உண்மையிலேயே செய்து காட்டுவார்களா?

ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக 2022 நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. கருத்தாளர்கள் பொருட்களோடு வகுப்புக்கே வந்து சோதனை செய்ய வைப்பார்கள். கணக்குக்கும் உண்டு. ஒரு முக்கோணத்தைத் தாளில் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடிப்பகுதி நேர்கோடாகும். குட்டை முக்கோணம், நெட்டை முக்கோணம், எதை வெட்டினாலும் அதேதான். கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதைக் கிழித்துப் பார்த்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவையில்லை.

கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். வாரத்தில் எந்தப் பாடவேளையில் பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்று கால அட்டவணையைப் பாருங்கள். பூட்டிய அறையால் யாருக்கும் பயனில்லை.

படிப்பைத் தவிர என்ன மன்றங்கள் உண்டு? மகள் நன்றாகப் பாடுவாள்.

இலக்கிய மன்றம், வினாடி வினா, சுற்றுச்சூழல் மன்றம், சிறார் திரைப்படம், ஜூனியர் ரெட் கிராஸ் எல்லாம் உண்டு. எது உயிரோடு இருக்கிறது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பாப்பா பாடுவாள் என்றால் கலைத் திருவிழாவை விடாதீர்கள். பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரை போகலாம். சேர்ந்த வாரமே வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். வாய் திறக்காமல் பின்வரிசையில் இருக்கும் பிள்ளையின் குரல் எங்களுக்குத் தெரிய மாதக்கணக்காகும்.

விளையாட்டு, ஓவியத்துக்கு ஆசிரியர் இருப்பாரா?

எல்லாப் பள்ளியிலும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும். 2012இல் பலரை நியமித்தார்கள். ஆனால் வாரத்தில் மூன்று அரைநாள் வந்துபோகிறவரால் எவ்வளவுதான் முடியும்? முழுநேரப் பணியிடம் வேண்டும் என்பதே என் கருத்து.

பெண் பிள்ளைக்குக் கழிப்பறை வசதி எப்படி?

பள்ளி பார்க்கப் போகும்போது காலை ஒன்பது மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லாம் கழுவிச் சுத்தமாக இருக்கும். மதிய இடைவேளை முடிந்ததும் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, மூடியுள்ள குப்பைக்கூடை இருக்கிறதா என்று கவனியுங்கள். 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் இலவசம். அதைக் கூச்சமில்லாமல் யாரிடம் வாங்கலாம் என்பதைப் பாப்பாவுக்கு முதல் நாளே தெரியப்படுத்துங்கள்.

குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்புங்கள். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள் அம்மா. தாழ்ப்பாள் விஷயத்தைத் தீர்மானமாக எழுத வையுங்கள்.

எட்டாவதில் உதவித்தொகைத் தேர்வு என்கிறார்களே?

என்.எம்.எம்.எஸ். தேர்வைச் சொல்கிறீர்கள், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் திறன் உதவித்தொகைத் தேர்வு அது. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், மொத்தம் 48,000. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. பாடப்பகுதி ஏழாவது, எட்டாவது புத்தகங்களிலிருந்து வரும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட மனத்திறனில் தடுமாறுகிறார்கள். எண் தொடர், குறியீட்டுப் புதிர்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை. ஏழாவது கோடை விடுமுறையிலேயே தினமும் பத்துக் கணக்கு போடச் சொல்லுங்கள். அப்புறம், வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

டி.சி. தர மறுக்கிறார்கள். சேர்க்க முடியுமா?

முடியும். எட்டாவது வரை டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ சட்டம் விடாது. நுழைவுத் தேர்வும் கிடையாது. பிள்ளையோடு நேராகத் தலைமையாசிரியரிடம் போங்கள். ஆதார், பழைய மதிப்பெண் அட்டை, எமிஸ் எண் (கல்வித் துறையின் இணையப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) கையில் இருந்தால் பதிவு சீக்கிரம் முடியும்.