கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எதிரான பாகுபாடு என்றால் என்ன? அது ஏன் வருகிறது?

கடவுளை நம்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு வேலை, பதவி, வாடகை வீடு, பெண் போன்றவற்றைத் தர மறுப்பதுதான் இது.

வெறுப்பைவிட அவநம்பிக்கைதான் இதன் வேர். "சாமிக்கே பயப்படாதவன் வேறு எதற்குப் பயப்படுவான்?" என்ற எண்ணம். கடன் கேட்டு வருபவரிடம் ஜாமீன் கேட்போம் இல்லையா, அதுபோலச் சமூகம் கடவுளை ஜாமீனாகக் கேட்கிறது. ஆள் ஒழுங்காகத் தவணை கட்டுகிறவரா என்று பார்ப்பதே இல்லை.

அமெரிக்காவின் மேரிலாந்தில் ராய் டொர்காசோ என்பவர் நோட்டரியாக நியமிக்கப்பட்டார். கடவுள் இருக்கிறார் என்று உறுதிமொழி தர மறுத்ததால் பதவி கைக்கு வரவில்லை. 1961-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனாலும் டெக்சஸ், ஆர்கன்சா மாநிலங்களின் அரசியலமைப்பில் இப்படிப்பட்ட வாசகம் இன்னும் இருக்கிறது. ஆர்கன்சாவில் கடவுளை மறுப்பவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக்கூடத் தகுதியற்றவர் என்று எழுதியிருக்கிறது! அது செல்லாது, சரி. ஆனால் அதை இன்னும் நீக்காமல் வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த விஷயத்தில் இந்திய அரசியலமைப்பு மேல். கடவுள் பெயரால் பதவியேற்கலாம், வெறுமனே உறுதிகூறியும் ஏற்கலாம். தி.மு.க. அமைச்சர்கள் "உளமார" என்று சொல்லிப் பதவியேற்பது அதனால்தான்.

நாத்திகர் என்றாலே சாமி கும்பிடுகிறவர்களைக் கேலி செய்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், வெளியே செருப்புக்குக் காவல் நிற்கும் நாத்திகர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.