முக்கியக் கட்டமைப்புகளைப் பாதுகாக்கக் கூட்டு ஆய்வு எதற்கு?
மின்நிலையத்தை அதை நடத்தும் நிறுவனமே காத்துக்கொள்ளாதா, பல துறையினர் சேர்ந்து ஆராய்வது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கட்டமைப்பு விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும் என்பதுதான் காரணம். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வெளியிலிருந்து வந்த மின்சாரத்தைத் துண்டித்தது. சுனாமி அவசர டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிரூட்டல் நின்று மூன்று உலைகள் உருகின. நிலநடுக்கவியலாளரும் கடல் ஆய்வாளரும் அணுப் பொறியாளரும் சேர்ந்து யோசித்திருக்க வேண்டிய இடம் அது.

தாக்குதலும் அப்படித்தான். 2015 டிசம்பரில் உக்ரைனில் ஹேக்கர்கள் துணைமின் நிலையங்களை அணைத்ததோடு, வாடிக்கையாளர் அழைப்பு மையத்தையும் போலி அழைப்புகளால் திணறடித்தார்கள். ஊழியர்கள் நேரில் போய்க் கையால் இயக்கித்தான் மின்சாரத்தை மீட்டார்கள்.

என் பார்வையில் கூட்டு ஆய்வுக்குப் பெரிய தடை தகவலைப் பகிரத் தயங்குவதுதான். பலவீனத்தை வெளியே சொன்னால் எதிரிக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே எந்த நிறுவனத்துடையது என்ற அடையாளம் நீக்கிய தரவுக்கும் கூட்டு ஒத்திகைக்கும் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.