குமரி மண்ணின் வயது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நம் மாவட்டத்துப் பாறைகளுக்கு 200 கோடி ஆண்டு வயது என்று ஒரு கட்டுரையிலும், 55 கோடி ஆண்டு என்று இன்னொரு கட்டுரையிலும் படித்தேன். இவற்றில் எது சரி? கல்லின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

இரண்டும் சரியே. முதல் எண் பாறையின் மூலப்பொருள் உருவான காலத்தையும், இரண்டாவது எண் அதே பாறை நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய காலத்தையும் குறிக்கின்றன. நாகர்கோவிலைச் சுற்றிய குன்றுகளில் சார்னோகைட் என்ற பாறை மிகுதி. குவாரியில் புதிதாக உடைத்த சார்னோகைட்டின் முகத்தைப் பார்த்தால், பச்சை கலந்த கருமையும் எண்ணெய்ப் பளபளப்பும் தெரியும். வெயிலும் மழையும் பட்ட மேற்புறமோ பழுப்பேறிக் கிடக்கும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் பக்குவப்பட்ட கல் அது. மேலே கிடந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்ட பிறகே இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது.

வயதைச் சொல்வது அந்தக் கல்லுக்குள் இருக்கும் சிர்க்கான் என்ற கனிமம். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் இந்தப் படிகம், உருவாகும்போது சிறிதளவு யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கிவிடும். ஆகவே பின்னாளில் அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததே என்று கொள்ளலாம். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாகக் குறைய சுமார் 70 கோடி ஆண்டுகளும் ஆகும். ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுவதால், ஒன்று தவறான நேரம் காட்டினால் மற்றொன்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறையின் மீது ஆய்வாளர்கள் கொண்டுள்ள நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

இன்னொரு சிறப்பும் உண்டு. பாறை மீண்டும் சூடேறும்போது பழைய சிர்க்கானின் மேல் புதிய அடுக்கு வளரும். படிகத்தைக் குறுக்கே தேய்த்து, லேசர் கதிரையோ அயனிக் கதிரையோ மிகச் சிறிய புள்ளியாகப் பாய்ச்சி, நடுப்பகுதியையும் விளிம்பையும் தனித்தனியே அளக்கிறார்கள். தென்கோடிப் பாறைகளில் நடுப்பகுதி ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளையும் விளிம்பு ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளையும் காட்டுகின்றன. அந்த 55 கோடி என்பது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்டிகா ஆகிய நிலப்பகுதிகள் மோதி இணைந்து கோண்டுவானா என்ற பெருநிலம் உருவான காலம். இலங்கையின் நடுமலைப் பாறைகளும் தெற்கு மடகாஸ்கரின் பாறைகளும் அதே காலத்தில் உருமாறியவை என்பது தற்செயல் அல்ல.

கேள்வி: லெமூரியா கண்டம் கடலில் மூழ்கியது உண்மையா, இல்லையா? தயவுசெய்து மழுப்பாமல் பதில் தாருங்கள்.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தக்கலை

ஐயா, கண்டம் மூழ்கவில்லை. லெமூரியா என்ற கருத்தை 1864ஆம் ஆண்டில் முன்வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். மடகாஸ்கரில் வாழும் லெமூர்களுக்கு உறவான விலங்குகளும் அவற்றின் எச்சங்களும் இந்தியாவில் இருப்பதற்குக் காரணம் தேடியபோது, இடையே ஒரு நிலம் இருந்து பின் மறைந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். கண்டங்கள் நகர்கின்றன என்பது அன்று தெரியாததால் அது நியாயமான ஊகமாகவே இருந்தது. கண்டப் பாறை கடற்படுகைப் பாறையைவிட அடர்த்தி குறைந்தது. அது முழுதாக ஆழ்கடலுக்குள் அமிழ்ந்துபோக முடியாது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் தரையில் இருப்பது பசால்ட் என்ற எரிமலைப் பாறை. மடகாஸ்கரும் இந்தியாவும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து விலகின. இடையில் புதிய கடற்தரை பிறந்தது.

ஆயினும் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் அரைகுறையாகிவிடும். மொரீஷியஸ் தீவின் எரிமலைப் பாறைகள் 1 கோடி ஆண்டுகூட நிரம்பாதவை. 2013இல் அத்தீவின் கடற்கரை மணலிலும், 2017இல் நேரடியாகப் பாறைக்குள்ளும் மிகப் பழைய சிர்க்கான்கள் கண்டறியப்பட்டன. பாறைக்குள் இருந்தவை 250 கோடி முதல் 300 கோடி ஆண்டு வரை பழமையானவை. பழைய கண்டத்தின் துண்டு ஒன்று எரிமலைக் குழம்பின் அடியில் புதைந்து கிடக்கிறது என்பதே இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஆனால் அந்தத் துண்டு பிய்ந்து சிதறிய காலத்தில் மனிதன் என்ற உயிரினமே இல்லை.

இரண்டாவது செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் தரைவழியாக இணைந்திருந்தன. குமரிமுனைக்குத் தெற்கேயும் நிலம் நீண்டிருந்தது. நம் மீனவர்கள் வலைவீசும் வாட்ஜ் பாங்க் மேட்டின் ஆழம் குறைந்த பகுதிகள் அன்று தரையாக இருந்திருக்கும். பனி உருகியபோது கடல் ஏறி இந்த நிலத்தைக் கொண்டது. கடல்கோள் பற்றிய பழந்தமிழ்ப் பாடல்களுக்கு அடிப்படை தேட விரும்புவோர், ஆதாரமுள்ள இந்தக் கடலேற்றத்தை விட்டுவிட்டுக் கற்பனைக் கண்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: இந்தியப் பெருங்கடலில் 100 மீட்டருக்கும் ஆழமான பள்ளம் இருப்பதாகச் சொல்கிறார்கள். படகுகளுக்கு ஆபத்து உண்டா?
— விசைப்படகு உரிமையாளர், குளச்சல்

ஆபத்து சிறிதும் இல்லை. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு சற்றுக் குறைவாக இருப்பதால், அங்கே கடல்மட்டம் பூமிக்கு நாம் கணிக்கும் சீரான வடிவத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்து நிற்கிறது. பல லட்சம் சதுர கிலோமீட்டரில் மெல்ல மெல்லத் தாழ்வதாலும், நீர்ப்பரப்பு எங்கும் ஈர்ப்புத் திசைக்குச் செங்குத்தாகவே இருப்பதாலும், படகில் செல்பவருக்கு இறக்கம் தெரியாது. 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் கடந்த 14 கோடி ஆண்டுகளில் பூமியின் மேலோட்டுத் தட்டுகள் நகர்ந்த விதத்தைக் கணினியில் மீட்டுருவாக்கி இதற்குக் காரணம் தேடினர். இந்தியா வடக்கே நகர்ந்தபோது மறைந்த டெதிஸ் கடலின் தரை பூமியின் அடியாழத்துக்கு அமிழ்ந்தது. அது ஆப்பிரிக்காவுக்கு அடியில் உள்ள சூடான பொருளைக் கிளறிவிட, அடர்த்தி குறைந்த அந்தப் பொருள் மேலெழுந்து இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் பரவியது என்பது அவர்களின் முடிவு.

கேள்வி: மாணவர்களைப் புதைபடிவம் தேட அழைத்துச் செல்ல நம் மாவட்டத்தில் இடம் உண்டா?
— அறிவியல் ஆசிரியை, மார்த்தாண்டம்

டைனோசர் காலத்துப் புதைபடிவங்களுக்கு அரியலூருக்குத்தான் போக வேண்டும். வெந்து உருமாறிய நம் பாறைகளில் அவை கிடைக்கா. மாறாக, மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அலை பின்வாங்கிய இடத்தில் கருப்பு வரி வரியாகக் கிடப்பது இல்மனைட். சிவப்பாகத் தெரிவது கார்னெட். கைக்கண்ணாடியில் தேன்மஞ்சளாகத் தெரிவது மோனசைட். வள்ளியாறு போன்ற ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்த மணலில், லேசான வெண்மணலை அலை அள்ளிச் சென்றுவிட, கனமான இவை கரையில் தங்குகின்றன. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டுதான் இக்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே மாணவர்கள் மணலைக் கரையிலேயே பார்த்து, படம் வரைந்துகொள்ளட்டும், வீட்டுக்கு அள்ளிவர வேண்டாம். ஆனி, ஆடி மாதங்களில் கடல் கொந்தளிக்கும். மார்கழி, தை மாதங்களில் செல்வது நல்லது.