நித்தியகல்யாணி: வயலா, தொட்டியா?

வேதாரண்யம் பக்கம் மணல் நிலம் இருக்கிறது, நித்தியகல்யாணி போடலாமா, இல்லை அதன் செல்லைத் தொட்டியில் வளர்த்துப் புற்றுநோய் மருந்து எடுப்பது லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடியே போடுங்கள். இதிலிருந்து எடுக்கும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் ஒரு கிராமுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். கேட்டால் தொட்டிதான் மேல் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்த மருந்தின் ஒரு பாதியான விண்டோலினைத் தொட்டிச் செல்கள் ஏறக்குறைய உண்டாக்குவதே இல்லை. அதற்கு இலை வேண்டும். அப்புறம் எஃகுக் கலன், சர்க்கரை, நிற்காத மின்சாரம். செல் இரட்டிக்கவே நாள்கணக்கு ஆகும். நடுவில் பூஞ்சை புகுந்தால் மொத்தமும் சாக்கடைக்குத்தான்.

பாக்லிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து தொட்டியில் ஜெயித்ததற்குக் காரணம், அதைத் தரும் யூ மரம் மெதுவாக வளரும், பட்டையை உரித்தால் செத்தும் போகும். நம் செடியோ சுடுகாட்டில் தண்ணீரில்லாமலே பூக்கிறது. பேரே சுடுகாட்டு மல்லி! ஆனால் வாங்குபவரிடம் விலை பேசாமல் விதைத்துவிடாதீர்கள்.