பலகையைப் பார்க்கிறாள், குனிந்தால் மறந்துவிடுகிறாள்!

கேள்வி: என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கரும்பலகையில் உள்ளதை ஒவ்வொரு எழுத்தாக நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துத்தான் எழுதுகிறாளாம். ‘கவனம் போதவில்லை’ என்று டைரியில் குறிப்பு வருகிறது. ஆனால், பாட்டி வீட்டில் முறுக்கு டப்பா எந்த அலமாரியில் இருக்கும் என்பதை மாதக்கணக்கில் மறப்பதில்லை. இவளுக்கு ஞாபகசக்தி குறைவா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முறுக்கு டப்பாவை மறக்காத பிள்ளையின் ஞாபகசக்தியை நான் குறைசொல்ல மாட்டேன். அது நெடுநாள் நினைவு. எழுதும்போது வேண்டியது வேறு: பலகையிலிருந்து கண்ணை எடுத்து நோட்டில் வைக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிக்கு, பார்த்ததை மனசில் பிடித்து வைத்திருப்பது. காட்சி ஒர்க்கிங் மெமரி என்பார்கள். நம் எல்லோருக்குமே அது சின்னது. குழந்தைகளுக்கு இன்னும் சின்னது.

எவ்வளவு சின்னது? 2006-இல் கெவின் ரிக்ஸ் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் சில நிறச் சதுரங்கள் ஒரு கணம் தோன்றி மறையும். மறுபடி வரும்போது ஏதாவது மாறியிருக்கிறதா என்று பிள்ளை சொல்ல வேண்டும். 5 வயதில் சராசரியாக ஒன்றரைச் சதுரம்தான் மனசில் நின்றது. 7 வயதில் ஏறக்குறைய மூன்று, 10 வயதில் ஏறக்குறைய நான்கு. பெரியவர்களுக்கே மூன்று, நான்குதான். அதற்காக நம்மை யாரும் டைரியில் எழுதுவதில்லை!

இப்போது பலகைக்கு வாருங்கள். ‘கொக்கு’ என்பது நமக்கு ஒரே சொல். எழுத்து இன்னும் கைக்குப் பழகாத பிள்ளைக்கு ஓர் ஒற்றைக்கொம்பு, ஒரு க, ஒரு கால், புள்ளி வைத்த ஒரு க், அப்புறம் ஒரு கு. எண்ணிப் பாருங்கள், ஐந்து வடிவங்கள். அவள் அடிக்கடி நிமிராமல் என்ன செய்வாள்?

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் கிரஹாம் ஹிட்ச் குழுவினர் 1988-இல் பிள்ளைகளுக்குப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, வரிசையை நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். பேனா, சீப்பு, சாவி என்று நீள நீளமாக, பார்க்க ஒன்றுபோல இருக்கும் படங்களில் 5 வயதுப் பிள்ளைகள் குழம்பினார்கள். 10 வயதுக்காரர்களை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. பெயர் நீளமான பொருள்கள்தான் அவர்களைத் தடுமாற வைத்தன. காரணம், பெரிய பிள்ளைகள் படத்தைப் பார்த்ததும் அதன் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் படத்தைப் படமாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் இன்னும் அந்தப் பக்கம்தான் நிற்கிறாள்.

ஆகவே, அந்த வழியை நீங்களே கொஞ்சம் காட்டலாம். பலகையில் உள்ள சொல்லை வாய்விட்டுப் படித்து, சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். வாசிப்பு பழகப் பழக ஐந்து வடிவம் ஒரு சொல்லாகச் சுருங்கும். டீச்சரிடம் பேசி, எழுத வேண்டியதை ஒரு தாளில் அவள் மேஜைமேல் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கண் போய்வரும் தூரம் குறைந்தாலே பாதித் தொல்லை தீரும். ஆனால், இதற்கெல்லாம் முன்னால் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளையும் இப்படித்தான் நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கும். அதைப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. கண்ணும் சரி, வாசிப்பும் வருகிறது, அப்படியும் இரண்டாம் வகுப்பில் இதே நிலை என்றால் குழந்தை உளவியலாளரைப் பார்க்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. நினைவாற்றலைக் கூட்டும் மொபைல் விளையாட்டுக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். பலன் இருக்குமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த விளையாட்டில் தேறிவிடுவான். மோனிகா மெல்பி-லெர்வாக், சார்லஸ் ஹ்யூம் இருவரும் 2013-இல் இப்படிப்பட்ட பயிற்சிகள் பற்றிய 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி தந்த வகை வேலையில் முன்னேற்றம் இருந்தது. அது வாசிப்புக்கோ கணக்குக்கோ கைகொடுத்ததற்கு நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை. பணம் கட்டியாயிற்று, பையனுக்கும் பிடித்திருக்கிறது என்றால் விளையாடிவிட்டுப் போகட்டும். அடுத்த வருடச் சந்தாவைக் கட்டாதீர்கள்.