மூட்டை எடை ஏன் ஆடுது? பேக்கிங் மெஷின் கேள்வி பதில்

சிமென்ட் பேக்கிங் பிளான்ட்டுல எடைத் தகராறுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு வார்த்தை. கேலிபரேஷன்ல, அதாவது தராசைச் சரிபண்ற செட்டிங்ல, கை வைக்கறதுக்கு முன்னாடி, தப்பு தராசுலயா, ரொப்பறதுலயான்னு பிரிச்சுப் பாத்துருங்க. பாதிப் பேர் இதைச் செய்யறதில்லை.

சங்ககிரி, ஷிப்ட் ஆபரேட்டர்: ஏனுங்கண்ணா, எட்டு ஸ்பவுட் (பையை மாட்டி ரொப்பற வாய்) வெச்சுச் சுத்தற ரோட்டரி பேக்கர். அஞ்சாவது ஸ்பவுட் மூட்டை மட்டும் 400 கிராம் கம்மியாவே வருதுங்க.

ஒரே ஸ்பவுட்னா சைலோ (சிமென்ட் சேமிக்கற கோபுரம்), கம்ப்ரசரை எல்லாம் மறந்துருங்க. மெஷினை நிறுத்தி, கரண்டைப் பூட்டிட்டு, ஸ்பவுட் வாயைப் பாருங்க. ரொப்பற குழாய் தேஞ்சிருந்தா பை வாய் இறுக்கமா உக்காராது. சிமென்ட் கசிஞ்சு, பை உக்கார்ற சேடில் மேல கொட்டும். எடையை உணர்ற லோட் செல்லுக்கு அதுவும் எடைதானுங்களே! 50 கிலோ வந்துருச்சுன்னு மெஷின் கேட்டை மூடிரும். மூட்டையைத் தள்ளும்போது அந்தத் தூள் கீழே உதிர்ந்துரும், மூட்டை கம்மியாயிரும். ஸ்கிரீன்ல 50.00ன்னு காட்டி, மூட்டையை மறுபடி நிறுக்கற செக் வெயர் தராசுல 49.60 வந்தா முதல் சந்தேகம் இதுதான்.

குழாய் நல்லா இருந்தா, முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல் ரெண்டை அந்த ஸ்பவுட்ல ஏத்திப் பாருங்க. சரியாக் காட்டினா லோட் செல்லைக் குறை சொல்லாதீங்க. எந்த எடையில ரொப்பறதை நிறுத்தணும்ங்கற கட்-ஆஃப் செட்டிங்கை யாராச்சும் மாத்தினாங்களான்னு பாருங்க.

இதுவே எடை கூட வந்தா, ஸ்பவுட்டுக்கு சிமென்ட் வர்ற ரப்பர் ஹோஸ் வெறைச்சுப் போயிருக்கும். பாரத்துல கொஞ்சத்தை அதுவே தாங்கிக்கும், லோட் செல்லுக்குக் கம்மியாத்தான் தெரியும்.

புலியூர்: எல்லா ஸ்பவுட்டுமே ஏறி இறங்குதுங்க. சாப்பாட்டுக்கு நிறுத்தி ஓட்டினா இன்னும் மோசம்.

எல்லாத்துலயும்னா காரணம் பொதுவானது. நின்ன நேரத்துல ஹாப்பர்ல (ஸ்பவுட்டுக்கு மேல இருக்கற தொட்டி) இருக்கற சிமென்ட் காத்தை விட்டுட்டு இறுகிக்கும். மறுபடி காத்து ஏறினதும் தண்ணியாட்டம் ஓடும். ஹாப்பர் மட்டம் ஏறி இறங்கினாலும் இதே கதைதான். லெவல் சென்சரைத் தொடைங்க. கம்ப்ரசர் தண்ணியை ஷிப்டுக்கு ஷிப்ட் வடிங்க. ஈரக் காத்து போனா, சிமென்ட்டுக்குள்ள காத்தை விடற ஏரேஷன் துணி அடைச்சுக்கும்.

பல்லடம், புட்டி (சுவர்ப் பூச்சு மாவு) பிளான்ட்: சிங்கிள் ஸ்பவுட். ஆடி மாசம் வந்தா எடை நம்பர் நிக்கவே மாட்டேங்குதுங்க.

ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், லோட் செல் எம்மாத்திரம்! பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நேரா ஷெட்டுக்குள்ள வருது. மேக்கால பக்கம் ஷீட் அடிங்க. தூசி இழுக்கற சக்‌ஷனும் பையைத் தூக்கும். அதைக் கொஞ்சம் மூடிப் பாத்தா வித்தியாசம் தெரிஞ்சுரும்.

கரூர், சூப்பர்வைசர்: வம்பே வேண்டாம்னு டார்கெட்டை 50.1 கிலோன்னு வெச்சுட்டா என்னங்கண்ணா?

வைக்கலாம், கணக்கு தெரிஞ்சு வைங்க. மூட்டைக்கு 100 கிராம்னா ஆயிரம் டன்னுக்கு 2 டன், அதாவது 40 மூட்டை சும்மா போகுது. ஆட்டத்தை அடக்காம டார்கெட்டை ஏத்தறது வெட்டிச் செலவுங்க.

தாராபுரம், கடைக்காரர்: ஒரு மூட்டை 49.3 இருக்குது. திருப்பி அனுப்பலாமுங்களா?

ஒத்தை மூட்டையை வெச்சுப் பேச முடியாதுங்க. சாதா சிமென்ட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 269 படி, சாம்பிளோட சராசரி நிகர எடை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. 2 சதவீதத்துக்கு மேல, அதாவது 1 கிலோவுக்கு மேல குறையற மூட்டை, சாம்பிள்ல 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எந்த மூட்டையும் 2 கிலோவுக்கு மேல குறையவே கூடாது. முத்திரை போட்ட தராசுல பல மூட்டையை நிறுத்து, காலிப் பை எடையைக் கழிச்சு எழுதி வைங்க. சராசரி அடி வாங்கினா கம்பெனிக்குச் சொல்லுங்க, கேக்கலைன்னா தொழிலாளர் துறையில எடையளவு ஆய்வாளர் இருக்காருங்க.

மதுக்கரை: ஓ.பி.சி.யில (சாதா சிமென்ட்) இருந்து பி.பி.சி.க்கு (சாம்பல் கலந்த சிமென்ட்) மாத்தினா எடை தள்ளிப் போகுது.

சாம்பல் கலந்தது ஓடற விதமே வேறங்க. ரெண்டுக்கும் தனித்தனி செட்டிங் போட்டு வெச்சுக்கோங்க.