மலை உச்சியில் டவர் வேண்டாம் என்பது வளர்ச்சிக்கு எதிரான பேச்சா?

எங்கள் ஊர் மலை உச்சியில் செல்பேசி டவர் வரப்போகிறது, ஊரார் எதிர்க்கிறோம், சென்னையில் இருக்கும் உறவினர்களே எங்களை வளர்ச்சியின் எதிரிகள் என்கிறார்கள், நாங்கள் செய்வது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. ஆனால் எதை எதிர்க்கிறீர்கள் என்பதை ஊரார் முதலில் தங்களுக்குள் பேசித் தெளிய வேண்டும். டவரே வேண்டாம் என்கிறீர்களா, கதிர்வீச்சுக்கு அஞ்சுகிறீர்களா, அந்த உச்சியில் மட்டும் வேண்டாம் என்கிறீர்களா? முதல் இரண்டையும் சொல்லிப் போனால் தோற்பீர்கள், தோற்கவும் வேண்டும் என்பதே என் கருத்து. மூன்றாவதில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதை நிறுவவும் முடியும்.

நான் நங்கநல்லூரில் வசிக்கிறேன். டவர்களுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன். என் தாயாரின் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மலைமேல் இருக்கிறது. ஊரின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், அங்கிருப்பவர்கள் இன்றும் அதே அலுவலகங்களுக்கு மனுவோடு நடக்க வேண்டியவர்கள் என்பதுதான். இதைப் படிப்பவர்களில் சிலர் என்னை நிறுவனங்களின் ஆள் என்பார்கள், சிலர் ஊருக்குச் சிக்னல் வரவிடாமல் தடுத்த நகரத்துக்காரன் என்பார்கள். இரண்டையும் நேரிலேயே கேட்டுவிட்டேன் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலையின் இடுப்பில் இருக்கிறது. அதற்கு மேலே மரமில்லாத வழுக்குப் பாறையாக உச்சி எழுகிறது. அங்கே கோடையிலும் வற்றாத சிறு சுனை ஒன்றும், அதன் பக்கத்தில் தீபத்தூணும் உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று கொப்பரையையும் நெய்யையும் காடாத் துணித் திரியையும் இளைஞர்கள் தோளில் சுமந்து ஏறுவார்கள். அடிவாரத்து ஊர்களில் எல்லோரும் அந்தச் சுடரைப் பார்த்த பிறகே தங்கள் வாசலில் அகல் ஏற்றுவார்கள். தீபத்தூணுக்குச் சில அடி தள்ளி, நாற்பது மீட்டர் இரும்புக் கோபுரமும் கம்பிவேலியும் ஜெனரேட்டர் கொட்டகையும், அவற்றுக்குப் பொருள் ஏற்றத் தென்சரிவை வெட்டி ஒரு ஜீப் பாதையும் போடுவது என்று திட்டம் வந்தது. ஊரே கொதித்தது. அந்தக் கொதிப்பை நான் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன். ஒரு மலையின் வடிவம் அதைச் சுற்றி வாழ்பவர்களுக்குப் பொதுச்சொத்து, அதற்கு விலை குறிக்கப்படவில்லை என்பதற்காக அது விலையற்றதாகிவிடாது.

அதே ஊரில் என் அத்தை என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "ஏம்பா, நீ மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு மலை அழகு மலை அழகுங்கற. அரிசி வாங்க நான் தண்ணித் தொட்டி மேல ஏறணுமா?" அவர் சொன்னது மிகையில்லை. ரேஷன் கடையின் கைரேகை இயந்திரத்துக்குக் கடைக்குள் சிக்னல் கிடைக்காது. எனவே விற்பனையாளர் இயந்திரத்தை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டியின் படிக்கட்டில் ஏறி, நடுப்படியில் உட்கார்ந்துகொள்வார். கிழவிகள் ஒவ்வொருவராகக் கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஏறி, முந்தானையில் விரலைத் துடைத்து வைப்பார்கள். மண்வேலை செய்து ரேகை தேய்ந்த விரல்கள் ஆதலால் இரண்டு மூன்று முறை வைத்தும் சிவப்பு விளக்கே எரியும், அதற்குள் சிக்னல் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செயலியில் படமெடுத்து வருகையைப் பதிவு செய்வது கட்டாயமானதும் இதே தொல்லை அங்கும் வந்தது. 108க்கு அழைக்க வேண்டுமென்றால் வளைவுப் பாறை வரை ஓட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்பேசி முடங்கிப்போய், தாம்பரத்தில் இருந்த உறவினர்கள் பிழைத்தார்களா என்று தெரியாமல் தவித்த நாம், அத்தையின் கேள்வியை ஒதுக்கவே முடியாது. ஆகவே டவரே வேண்டாம் என்ற பேச்சுக்கு நான் ஒருபோதும் துணைநிற்கவில்லை.

எங்கள் நியாயத்தைக் கெடுக்கப் பார்த்தது கதிர்வீச்சுப் பேச்சு. கூட்டம் தொடங்குமுன்பே யாரோ துண்டறிக்கை அச்சிட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள்: புற்றுநோய் வரும், கருக்கலையும், சிட்டுக்குருவி அழியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் செல்பேசியும் டவரும் பயன்படுத்தும் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோய்க்கு வாய்ப்பிருக்கலாம், ஆனால் சான்று போதாது என்பதே அந்தப் பிரிவின் பொருள். நம் நாட்டில் 2012 செப்டம்பரில் டவர் அலைகளுக்கான வரம்பைப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 900 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட். இன்னொன்றும் உண்டு: டவர் தொலைவில் இருந்து சிக்னல் நலிந்திருக்கும்போது, காதோரம் வைத்திருக்கும் கைபேசி தன் சொந்த ஆற்றலைக் கூட்டிக்கொண்டு வேலை செய்கிறது. டவரை விரட்டினால் அலை குறைந்துவிடும் என்று நினைப்பது, அந்தக் காரணத்தால், பெரும்பாலும் தலைகீழான கணக்கு. நீதிமன்றங்களும் கதிர்வீச்சு அச்சத்தை மட்டும் காட்டி வந்த வழக்குகளைத் திரும்பத் திரும்பத் தள்ளியிருக்கின்றன.

சென்னையில் எங்கள் அடுக்ககத்திலும் இது நடந்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மொட்டை மாடியில் டவர் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கியவர்களே, அடுத்த மாதக் கூட்டத்தில் வீட்டுக்குள் பேச்சு அறுந்துபோகிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார்கள். நகரத்தில் இப்படி ஒரு முரண் இருந்தால் அதைக் குடியிருப்போர் உரிமை என்கிறோம். மலையில் ஒருவர் உச்சியைக் காக்க வேண்டும் என்றால் அவரைப் பிற்போக்கு என்கிறோம். உங்கள் சென்னை உறவினர்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

எங்கள் மலையூர்க் கூட்டத்தில் துண்டறிக்கையை ஓரம் வைக்கச் சொல்லிவிட்டு, ஏன் உச்சி என்ற ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். நிறுவனத்தின் சார்பில் வந்த இளைஞர் நாணயமானவர், உள்ளதைச் சொன்னார். சமவெளியில் இருக்கும் இன்னொரு டவரை இந்த டவர் மைக்ரோவேவ் தட்டு வழியாகப் பார்க்க வேண்டும், இடையில் மறைப்பிருக்கக் கூடாது, உச்சியில் மறைப்பே இல்லை. அதாவது உச்சியைத் தேர்ந்தது ஊருக்குச் சிக்னல் கொடுப்பதற்காக இல்லை, டவர் தன் பின்னிணைப்பை, அதாவது வலையமைப்போடு தன்னை இணைக்கும் தொடர்பை, பெறுவதற்காக. ஊருக்குக் கொடுக்க உச்சி நல்ல இடமே இல்லை. ஆன்டெனாவின் கற்றை பக்கவாட்டில் அகலமாகப் போகும், மேல்கீழாகச் சில பாகைகளே விரியும். கீழ்நோக்கிச் சாய்த்தாலும், ஊருக்கும் உச்சிக்கும் நடுவில் பாறை புடைத்து நின்றால் ஊர் அதன் நிழலில் மாட்டிக்கொள்ளும். எங்கோ சமவெளியில் உள்ளவனுக்கு முழுச் சிக்னல் காட்டும், காலடியில் இருக்கும் ரேஷன் கடைக்கு எட்டாது. போதாக்குறைக்கு, வெறும் பாறையில் மின்னலுக்கு எர்த்திங் போடுவது கடினம், ஒவ்வொரு முறையும் டீசலை மேலே ஏற்றியாக வேண்டும்.

பின்னிணைப்புக்கு வேறு வழி இருந்தால் உச்சி தேவைப்படாது அல்லவா? ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் பாரத்நெட் திட்டத்தில் எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் கேபிள் வந்து, பெட்டி ஒன்று சுவரில் தூசியோடு தொங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள ஊராட்சிப் புறம்போக்குக்குக் கூப்பிடு தூரம்தான். அங்கே நட்டால் கேபிள் போதும், மின்சாரமும் இருக்கிறது, லாரியும் போகும், புளியமரங்கள் பாதி உயரத்தை மறைத்துவிடும். இதைச் சொல்லப் பொறியாளர் வேண்டும் என்பதில்லை, ஊரில் எந்தப் பெட்டி எங்கே தொங்குகிறது என்று தெரிந்தவர்கள் போதும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்சி பதிவேட்டில் கல்லாங்குத்துப் புறம்போக்கு, அதாவது பாறையான அரசு நிலம், ஆனால் ஜீப் பாதை காப்புக்காட்டைக் கடக்க வேண்டியிருந்தது. அது 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பள்ளி, ரேஷன் கடை, மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, எடுத்துக்கொள்ள வழிசெய்கிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். உங்கள் ஊர், மலைப்பகுதிகளில் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் ஒப்புதலும் தேவைப்படலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்தக் கூட்டத்துக்கும் போகாதீர்கள். காலம் கடத்தினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, டவரும் கேபிளும் அமைக்க இடம் பெறுவதற்கான வழித்தட உரிமை விதிகளின்படி, பொது நிலத்துக்கான விண்ணப்பத்துக்கு உரிய காலத்தில் பதில் இல்லையென்றால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். எழுத்தில் பதில் போக வேண்டும், அந்தப் பதிலில் மாற்று இடமும் இருக்க வேண்டும்.

எங்கள் கிராம சபை உச்சியை மறுத்தும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னுள்ள நிலத்தை வழங்கியும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றியது. நீண்ட இழுபறிக்குப் பின் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இப்போது ரேஷன் இயந்திரம் கடைக்குள்ளேயே வேலை செய்கிறது. என் அத்தை தொட்டிப் படியேறுவதில்லை.

இதற்கு ஒரு விலை இருந்தது, அதை மறைத்து எழுதினால் நான் சொன்ன மற்றவற்றுக்கும் மதிப்பில்லை. மலையின் மறுபக்கத்தில் ஒரு குக்கிராமம் இருக்கிறது. உச்சியில் டவர் நின்றிருந்தால் அவர்களுக்கு ஓரளவு சிக்னல் போயிருக்கும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கும் டவரிலிருந்து போகவில்லை. அங்கே ஒரு சிறு கம்பம் தனியாக வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லி வற்புறுத்தியவன் நான், எழுதவும் செய்தார்கள். ஆனால் பெரிய ஊருக்கு வேலை முடிந்ததும் அந்த வரியை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. அவர்களுடைய கோபம் முற்றிலும் நியாயமானது: உச்சியின் அழகை எல்லோரும் பார்க்கிறார்கள், அதற்கான செலவை அவர்கள் மட்டும் கட்டுகிறார்கள். அந்தக் கோப்பை நான் இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உங்கள் ஊர்க் கூட்டத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, உச்சி டவரால் சிக்னல் கிடைக்கக்கூடிய குக்கிராமங்கள் எவை என்று நிறுவனத்தின் வரைபடத்தை வாங்கிப் பார்ப்பது. அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். மாற்று இடத்தோடு அவர்களுக்கான கம்பத்தையும் ஒரே தீர்மானத்தில், ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்கு ஒப்புதல் இல்லை என்ற வாசகத்தோடு எழுதி, தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, ஒரு நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.